சமிக்ஞை, சில்லு, விமானம்: மொன்றியலில் இணையவழிப் பொறியியல் கல்வி

மொன்றியல் மெட்ரோவின் நீலத் தடத்தில் ஓடும் பழைய வண்டிகள் நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது மூன்று சுரங்கள் அடுத்தடுத்து ஒலிக்கும். ஊர்க்காரர்கள் அதை 'டூ-டூ-டூ' என்பார்கள். அதை யாரும் இசையமைக்கவில்லை. 1976-ல் ஓடத் தொடங்கிய எம்ஆர்-73 வண்டிகளில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. வெட்டும் வேகம் படி மாறும்போது எழும் இரைச்சலே அந்தச் சுரங்கள். 2016-ல் வந்த அசூர் வண்டிகளில் அந்தக் கருவி இல்லை. ஆனாலும் மக்களின் காதுக்குப் பழகிய ஒலியை விட மனமில்லாமல், கதவு மூடப்போகிறது என்பதற்கான அறிவிப்பாக அதே மூன்று சுரங்களை ஒலிக்கவிடுகிறார்கள்.

இக்கட்டுரை பேசப்போகும் மூன்று துறைகளும் இந்த ஒரே ஒலிக்குள் இருக்கின்றன. பழைய வண்டியின் இரைச்சலில் எந்தெந்த அலைவெண்கள் கலந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது சமிக்ஞைப் பாடம். புதிய வண்டியில் அந்த ஒலியைச் சரியான நொடியில் எழுப்பும் சிறு கணினிக்கு நிரல் எழுதுவது எம்பெடட் பாடம். கதவு, பிரேக், ஓட்டுநர் அறை, பயணி அறிவிப்பு ஆகியவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல், எது எதற்குப் பொறுப்பு என்று எழுதிவைத்து, எழுதியபடி நடக்கிறதா என்று நிறுவிக்காட்டுவது முறைமைப் பொறியியல்.

அதே நீலத் தடத்தின் பார்க், அக்காடி நிலையங்களில் இறங்கினால் பார்க் எக்ஸ்டென்ஷன். மேற்கே போனால் கோட்-டெ-நேஜ். 1980களின் நடுப்பகுதியிலிருந்து இங்கு வந்த ஈழத்தமிழர்கள் முதலில் வேரூன்றிய பகுதிகளில் இவை இரண்டும் முக்கியமானவை. இரண்டுக்கும் நடுவே, மலைச்சரிவில், 1873-ல் தொடங்கிய பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரி நிற்கிறது. மெட்ரோவில் சில நிறுத்தங்கள்தான். ஆனால் இரவு வேலை முடித்துக் காலையில் வீடு திரும்புபவருக்கும், யாழ்ப்பாணத்திலோ கோயம்புத்தூரிலோ வாங்கிய பட்டத்தை இங்கே எடைபோடக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கும் அந்தத் தூரம் வேறு கணக்கு. அவர்கள் மாலையில் மடிக்கணினியைத் திறக்கிறார்கள். திறந்தால் நூற்றுக்கணக்கான பாடநெறிகள், ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழோடு. இவற்றை வைத்து எவ்வளவு தூரம் போகலாம்?

நான் கண்ட விடை சற்று விசித்திரமானது. சமிக்ஞைப் பாடத்தைத் திரை வழியாக ஏறக்குறைய முழுதாகக் கற்கலாம், அதில் மிகச் சிறந்தவை இலவசம். எம்பெடட் பாதிதான் வரும், அதற்குக் கொஞ்சம் செலவு உண்டு. முறைமைப் பொறியியல் கால்வாசி வந்தால் அதிகம், ஆனால் சான்றிதழ்ச் சந்தையில் சில ஆயிரம் டாலர் கேட்பது அதற்குத்தான். திரையால் கற்பிக்க முடியாத பாடத்துக்கே விலை கூடுதல்.

மொன்றியலில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். விமானத் தொழிலுக்கு சியாட்டில், டூலூஸ் நகரங்களோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் இது. பறப்புப் பயிற்சிக்கான சிமுலேட்டர்களைச் செய்யும் சி.ஏ.ஈ 1947-ல் இங்கு பிறந்தது. பிராட் அண்ட் விட்னி கனடாவும் கனடிய விண்வெளி நிறுவனமும் ஆற்றுக்கு அக்கரையில் லாங்கெய் நகரில் இருக்கின்றன. பெல் ஹெலிகாப்டரும் ஏர்பஸ் ஏ220-யும் மிராபெல்லில். சென்-ஆன்-டெ-பெல்வூவில் செயற்கைக்கோள் பாகங்கள் செய்யும் எம்.டி.ஏ. உண்மையான கட்டுப்பாட்டுக் கருவியை ஒரு போலி உலகத்தோடு இணைத்துச் சோதிக்கும் நிகழ்நேர சிமுலேட்டர்களை 1997 முதல் செய்துவரும் ஓபல்-ஆர்டியும் இந்நகரத்து நிறுவனமே. இவர்கள் அத்தனை பேருக்கும் மேலே சொன்ன மூன்று துறைகளிலும் ஆள் வேண்டும்.

சமிக்ஞையில் தொடங்குவோம். அத்துறையில் இந்த வட்டாரம் உலகுக்குக் கொடுத்த கொடை பலருக்குத் தெரியாது. சாதாரண இலக்கமுறைத் தொலைபேசியில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட் ஒதுக்கினால் நொடிக்கு 64,000 பிட் ஆகிறது. கைத்தொலைபேசி வலையமைப்புக்கு அது கட்டுப்படியாகாது. மொன்றியலுக்குக் கிழக்கே, செர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் ஜான்-பியேர் அதூல் குழுவினர் வேறு வழி கண்டார்கள். குரலின் அலையை அப்படியே அனுப்புவதற்குப் பதிலாக, தொண்டையும் வாயும் அந்த நேரத்தில் எப்படிப்பட்ட வடிகட்டியாக இருந்தன என்பதைச் சில எண்களாகவும், அந்த வடிகட்டியைத் தூண்டிய மூச்சைச் சில துடிப்புகளாகவும் அனுப்புவது. துடிப்புகள் எங்கே விழலாம் என்பதை ஓர் இயற்கணித ஒழுங்கில் கட்டிவைத்ததால் தேடல் வேகமாக முடிந்தது, ஒரு சிறு சில்லே அதைச் செய்யப் போதுமானது. ஏ.சி.ஈ.எல்.பி எனப்படும் இம்முறை, 1996-ன் ஜி.729 தரத்தில் நொடிக்கு 8,000 பிட்டுக்குள் குரலை அடக்கியது. பிறகு ஜி.எஸ்.எம் கைத்தொலைபேசிகளுக்குள் புகுந்தது. அந்தக் காப்புரிமைகளைக் கையாண்ட வாய்ஸ்ஏஜ் மொன்றியல் நிறுவனம். ஊருக்கு மலிவு அழைப்பட்டை போட்டு அம்மாவோடு பேசிய ஒரு தலைமுறை, இந்தக் கணிதத்தை அறியாமலே பயன்படுத்தியிருக்கிறது.

இந்தக் கணிதம் திரைக்குப் பொருந்திப்போவதற்குக் காரணம் இருக்கிறது. அதன் பொருள் முழுவதும் சமன்பாட்டிலும் வரைபடத்திலும் ஒலியிலும் இருக்கிறது, மூன்றையும் திரை நன்றாகக் காட்டும். புரியாத இடத்தில் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம். முந்நூறு பேர் அமர்ந்த மண்டபத்தில் கன்வல்யூஷன் கற்றவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும். எம்.ஐ.டி-யின் ஆலன் ஓப்பன்ஹைம் 1987-ல் காணொளியாகப் பதிவுசெய்த 26 விரிவுரைகள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. படம் மங்கலானது, சட்டைக் காலர் அந்தக் காலத்தது. ஆனால் மாதிரியெடுப்பு பற்றிய விரிவுரையில் விட்டு விட்டு மின்னும் விளக்கொளியில் சுழலும் தட்டைக் காட்டி, போதிய வேகத்தில் மாதிரியெடுக்காதபோது தோன்றும் போலி அலைவெண்ணான ஏலியாசிங்கைக் கண்ணால் காணச் செய்வதும், கடைசி விரிவுரையில் தலைகீழ் ஊசலைக் கவிழாமல் நிறுத்திக் காட்டுவதும் பிறகு வந்த பளபளப்பான பாடங்களில் அரிதாகவே கிடைக்கும். இந்தியாவின் இலவச இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்-இல் எஸ்.சி. தத்தா ராய், வி.எம். காத்ரே ஆகியோரின் தொடர்கள் உள்ளன. நம்மவர்கள் பலர் இந்திய ஆங்கிலத்தில், நம் கல்லூரிப் பாணியில், கரும்பலகைக் கணக்குப் போட்டுக் காட்டுவதையே விரும்புகிறார்கள், அதில் தவறில்லை. லொசான் நகர ஈ.பி.எஃப்.எல்-இன் பாவ்லோ பிராந்தோனியும் மார்ட்டின் வெட்டர்லியும் நடத்தும் இலக்கமுறைச் சமிக்ஞைப் பாடம், இலவச நூலோடு, சற்று மேல்நிலைக்கு உகந்தது.

ஒன்றை எடுத்து முடித்தால் போதும். மூன்றையும் அரைகுறையாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம். கூடவே பென்சிலும் தாளும் வேண்டும். பயிற்சிக்கணக்குப் போடாமல் பார்த்த விரிவுரை, பார்க்காத விரிவுரையைவிட மோசமானது, ஏனென்றால் புரிந்துவிட்டது என்ற நினைப்பைத் தந்துவிடுகிறது. ஆய்வுக்கூடம் தேவையென்றால் கைப்பேசியே போதும்: மெட்ரோவின் அந்த மூன்று சுரங்களைப் பதிவுசெய்து, பைத்தானிலோ மேட்லாபிலோ ஃபூரியே உருமாற்றம் செய்து, எத்தனை ஹெர்ட்ஸ் என்று கண்டுபிடிக்கலாம். மேட்லாபில் மின்வலையமைப்புகளை உருவகப்படுத்தும் தொகுப்பின் வேர் மாகாண மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக்கின் ஆய்வுப் பணியில் இருக்கிறது என்பது இந்த ஊர் மாணவருக்குக் கூடுதல் சுவை.

எம்பெடட் பக்கம் திரும்பினால் கதை மாறுகிறது. 2012 மார்ச்சில் எம்.ஐ.டி தன் மின்சுற்றுப் பாடத்தை இணையத்தில் திறந்தபோது 1,54,763 பேர் பதிவுசெய்தார்கள். தேறியவர்கள் 7,157. நடத்திய ஆனந்த் அகர்வால், சென்னை ஐ.ஐ.டி-யில் படித்தவர். உலாவிக்குள்ளேயே மின்சுற்றை வரைந்து ஓட்டிப் பார்க்கும் ஆய்வுக்கூடம் அதில் இருந்தது. அழகான ஏற்பாடு. ஆனால் உலாவிச் சுற்றில் கம்பி தளராது. பொறியாளர் ஆவதற்கு, கம்பி தளர வேண்டும்.

இதைப் புரிந்துகொண்ட முதல் பெரிய பாடம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் வல்வானோவும் ரமேஷ் எர்ரபள்ளியும் 2014 ஜனவரியில் தொடங்கியது. ஒவ்வொரு மாணவரும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகையைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். கணினியில் ஓடும் மதிப்பீட்டு மென்பொருள் அந்தப் பலகையோடு பேசி, பணி சரியாக முடிந்ததா என்று பார்க்கும். அந்த வழியில் பலர் பின்தொடர்ந்தார்கள். மீரோ சாமெக் பல ஆண்டுகளாக யூடியூபில் நடத்திவரும் தொடர், சில்லின் பதிவேடுகளையும் அடுக்கு நினைவகத்தையும் டிபக்கரில் திறந்து காட்டியபடியே போகிறது. எனக்குத் தெரிந்தவரை இலவசமாகக் கிடைப்பவற்றில் இதற்கு இணையில்லை. பெங்களூரிலிருந்து கிரண் நாயக்கின் ஃபாஸ்ட்பிட் நிறுவனம் உடெமியில் விற்கும் எஸ்.டி.எம்32 பாடங்கள், டிரைவர் நிரல்களை முதல் வரியிலிருந்து எழுதவைக்கின்றன.

இவை எல்லாம் சேர்ந்தும் ஏன் பாதி என்கிறேன்? பலகை வேலை செய்யாமல் நிற்கும் அந்த இரவுக்காக. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நிரல் ஏழுமுறை எண்ணுகிறது. உணரி காலையில் பேசுகிறது, மாலையில் ஊமை. காரணம் நிரலிலா, தரை இணைப்பிலா, உணரியைச் சில்லோடு இணைக்கும் ஐ-ஸ்கொயர்-சி கம்பியில் போட மறந்த மின்தடையிலா, சில்லின் பிழைப்பட்டியலில் பதினெட்டாம் பக்கத்திலா? காணொளியில் ஆசிரியரின் பலகை எப்போதும் வேலை செய்யும். அவர் தடுமாறிய மூன்று மணிநேரத்தை வெட்டிவிட்டுத்தான் வெளியிட்டிருப்பார், கற்க வேண்டியது அந்த மூன்று மணிநேரத்தில் இருந்தது. ஆகவே பாடத்துக்குச் செலவழிப்பதைவிட, கம்பிகளில் ஓடும் சமிக்ஞைகளைக் காட்டும் ஒரு லாஜிக் அனலைசருக்குச் செலவழிப்பதே மேல். எளிய ஒன்று இருபது முப்பது டாலருக்குள் வரும், பலகையும் ஏறக்குறைய அதே விலைதான். பாகங்களுக்குச் சென்னையில் ரிச்சி தெரு இருப்பதுபோல் ஒரு தெருவே இங்கில்லை. அப்ரா போன்ற ஓரிரு கடைகள் உண்டு, மற்றதெல்லாம் தபாலில் வரவேண்டியதுதான். ஆசிலாஸ்கோப்பும் சால்டரிங் மேசையும் வேண்டுமானால் சென்-ஆன்றி பகுதியில் ஃபுலாப் போன்ற கூட்டுப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கு போவதன் இன்னொரு பயன், பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "தரையை இணைத்தீர்களா?" என்று கேட்பது.

சென்னை ஐ.ஐ.டி 2023-ல் தொடங்கிய எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பட்டப்படிப்பு இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது. விரிவுரை இணையத்தில். ஆய்வுக்கூடத்துக்கு மாணவர் நேரில் கிண்டி வளாகத்துக்கு வந்தாக வேண்டும். இணையக் கல்வியில் இவ்வளவு முதலீடு செய்த நிறுவனமே இந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மொன்றியலில் வசிப்பவருக்கு அது விமானச் சீட்டு என்பது வேறு விஷயம். என்.பி.டி.இ.எல் சான்றிதழுக்கான தேர்வுக்கும் இதே கதி, மையங்கள் இந்திய நகரங்களில்.

சில்லை ஓடவைக்கத் தெரிந்தவர் விமான நிறுவனத்துக்குப் போனால் அங்கே இன்னொரு சுவர். பறப்பு மென்பொருளுக்கான டிஓ-178சி விதிமுறை, பிழை நேர்ந்தால் உயிர்ச்சேதம் என்ற உச்ச நிலைக்கு 71 இலக்குகளை வைக்கிறது. நிரலின் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்ட ஒரு தேவையிலிருந்து பிறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு சோதனை இருக்க வேண்டும். ஒரு முடிவில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் தனியாக அந்த முடிவை மாற்றவல்லது என்று காட்ட வேண்டும். எல்.ஈ.டி சிமிட்டவைத்த பாடங்களில் இது வருவதில்லை. வந்தாலும் ஒரு மாணவர் தனியாக உட்கார்ந்து பழகக்கூடியதாக இல்லை, ஏனென்றால் சோதிப்பவர் எழுதியவராக இருக்கக்கூடாது என்பதே அங்கு அடிப்படை.

இங்கேதான் முறைமைப் பொறியியல் தொடங்குகிறது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி முப்பத்தேழு நொடியளவில் திசைமாறிச் சிதறியது. ஏரியான் 4-ல் குறைசொல்ல முடியாமல் ஓடிய திசையறி மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட் வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்ததால், 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. காப்புக்கு இருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள், அதே பிழை. அந்தக் கணக்கீடு, கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. நிரல் எழுதியவர் தமக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகத்தான் செய்திருந்தார். 'இந்தப் பாகம் எந்த நம்பிக்கையில் நிற்கிறது, அந்த நம்பிக்கை இந்த வண்டியிலும் பொருந்துமா?' என்று கேட்கும் வேலை யாருடையதாகவும் இல்லாமல் போனது.

உள்ளூரிலும் பாடம் உண்டு. மொன்றியல் விமான நிறுவனமான பம்பார்டியர் 2008-ல் சி சீரீஸ் விமானத்தைத் தொடங்கியபோது 2013-ல் சேவைக்கு வரும் என்றது. 2013 செப்டம்பர் 16 அன்றுதான் மிராபெல்லிலிருந்து முதன்முறையாகப் பறந்தது. அடுத்த மே மாதம் தரைச்சோதனையில் ஓர் எஞ்சின் வெடித்தது, பிரச்சினை எண்ணெய் ஓட்டத்தில். பறப்புச் சோதனைகள் மூன்று மாதத்துக்கு மேல் நின்றன. 2016 ஜூலையில் சுவிஸ் விமான நிறுவனத்தோடு சேவைக்கு வந்தது. 2018-ல் திட்டத்தின் பெரும்பங்கு ஏர்பஸ் கைக்குப் போய், பெயரும் ஏ220 ஆனது. ஒரு வழங்குநரின் எஞ்சினுக்குள் நடந்தது, முழுத் திட்டத்தின் நாட்காட்டியையும் அசைத்துவிடுகிறது. இந்தத் தொடர்புகளை முன்கூட்டியே வரைந்துவைப்பது இத்துறையின் அன்றாடம்.

இணையத்தில் இதற்கு என்ன கிடைக்கிறது? நாசாவின் முறைமைப் பொறியியல் கையேடு இலவசம். முதலில் அதைப் படியுங்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக் ரயன் கோர்செராவில் நடத்தும் அறிமுகப் பாடம் தெளிவானது. வாழ்க்கைச் சுழற்சி, தேவைக்கூற்று, இடைமுகம் என்று சொற்கள் பழகும். சொற்கள் பழகுவது சின்ன விஷயமில்லை, வேலை நேர்காணலில் பாதி அதுதான். அதற்குமேல், சில ஆயிரம் டாலர் கேட்கும் பல்கலைக்கழகப் பெயர் தாங்கிய சான்றிதழ்கள் வருகின்றன. ஏற்கெனவே துறையில் இருந்து, நிறுவனம் காசு கட்டுமானால் எடுக்கலாம். வேலை தேடுபவர் தம் கடனட்டையில் போடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. இத்துறையின் சர்வதேச அமைப்பான இன்கோசே, தன் இடைநிலைச் சான்றிதழுக்கு ஐந்தாண்டு நேரடி அனுபவத்தைக் கேட்கிறது. தேர்வெழுதி மட்டும் வாங்கக்கூடியது தொடக்கநிலைச் சான்று ஒன்றுதான். இது கற்பிக்கப்படும் பாடம் என்பதைவிடப் பழகும் தொழில் என்பதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

பழகுவதற்கு இந்நகரத்தில் கிடைக்கும் மிக நல்ல இடம் மாணவர் குழுக்கள். கொங்கோர்டியா பல்கலைக்கழகத்தின் ஸ்பேஸ் கொங்கோர்டியா குழு 2012-ல் முதலாவது கனடிய செயற்கைக்கோள் வடிவமைப்புப் போட்டியில் வென்றது. அதே குழுவின் பிற்கால மாணவர்கள் ஸ்டார்சைலர் என்ற 13 மீட்டர் ராக்கெட்டைக் கட்டி, 2025 ஆகஸ்டில் வட கியூபெக்கிலிருந்து ஏவினார்கள். விண்வெளியின் எல்லையை அது எட்டவில்லை. ஆனால் தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுப் போய், அவர்கள் எழுதிவைத்ததை வைத்து அடுத்தவர்கள் தொடர்ந்து, ஏவுதளம் வரை கொண்டுபோனதைவிடச் சிறந்த முறைமைப் பொறியியல் வகுப்பு இருக்கமுடியாது. மக்கில், பொலிடெக்னிக், ஈ.டி.எஸ் மூன்றிலும் இப்படி ராக்கெட் குழுக்கள் உண்டு. நம் பிள்ளைகள் மதிப்பெண் குறையும் என்று இவற்றில் சேராமல் இருப்பதும், பெற்றோர் அதை ஊக்குவிப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

பிள்ளைகளுக்குச் சரி, நாற்பது வயதில் வேலையும் குடும்பமுமாக இருப்பவர்? கனடாவுக்குத் தொலைவழிக் கல்வி புதிதல்ல. டெலுக் என்ற தொலைவழிப் பல்கலைக்கழகம் 1972-லேயே கியூபெக்கில் தொடங்கிவிட்டது. மூக் எனப்படும் திறந்த பெருவகுப்புக்கு 2008-ல் அந்தப் பெயர் கிடைத்ததும், மனிடோபா பல்கலைக்கழகத்தின் பாடம் ஒன்றையொட்டி இந்நாட்டில்தான். கொங்கோர்டியாவின் முன்னோடியான சர் ஜோர்ஜ் வில்லியம்ஸ், ஒய்.எம்.சி.ஏ-வின் மாலை வகுப்புகளிலிருந்து வளர்ந்தது. அந்த மாலை வகுப்பு மரபை நான் இணையத்துக்கு மேலே வைப்பேன், காரணம் வருகைப் பதிவேடு. எம்.ஐ.டி, ஹார்வர்டு பாடங்களை ஆராய்ந்து ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருய்பெரெஸ்-வலியென்டேயும் 2019-ல் எழுதிய கட்டுரையின்படி, பதிவுசெய்தவர்களில் 52 விழுக்காட்டினர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-ல் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. சோம்பல் என்று சொல்லிவிடலாம். குளிர்காலத்தில், பன்னிரண்டு மணிநேர வேலைக்குப் பின், யாரும் கேட்காத ஒரு பணியை யார் முடிப்பார்? இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் பலகைகளைப் பரப்பி உட்காருபவர்கள் முடிக்கிறார்கள்.

பிறகு சட்டம். கியூபெக்கில் பொறியாளர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள மாகாணப் பொறியாளர் சங்கத்தின் உரிமம் வேண்டும். எந்த இணையச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது. உரிமத்துக்கு பிரெஞ்சு அறிவும் கட்டாயம், 1977-ன் மொழிச் சட்டம் அப்படி. இங்குள்ள பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. வெளியில் படித்து வந்தவர் தேர்வில் தேறும்வரை தற்காலிக உரிமம் பெறலாம், ஓராண்டுக்கு, அதிகபட்சம் மூன்று முறை நீட்டிப்பு. ஆகவே அவருடைய மாலை நேரத்துக்கு ஃபூரியேயும் பிரெஞ்சு வினைச்சொற்களும் போட்டியிடுகின்றன. கட்டாயம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பிரெஞ்சுதான். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒரு வழி உண்டு, இங்குள்ள தமிழர்கள் அதை ஏனோ அதிகம் பயன்படுத்துவதில்லை: பியேர்-ஈவ் ரோஷாவும் ஜான்-டானியேல் நிகூவும் ஈ.பி.எஃப்.எல் சார்பில் மைக்ரோகண்ட்ரோலர் பாடத்தைப் பிரெஞ்சிலேயே நடத்தியிருக்கிறார்கள். எல்.ஈ.டி விளம்பரப் பலகை செய்வதைப் பற்றியும் ரோஷாவின் பாடம் ஒன்று உண்டு. நிதானமான பேச்சு, சின்னச் சின்ன வாக்கியங்கள். நிரல் எப்படியும் சி மொழியில்தான்.